பத்துக்கு எட்டு, எந்த வெயிலில்?

2001ஆம் ஆண்டு முடியும் தறுவாயில் ‘நியூயார்க் டைம்ஸ்’ வார இதழ் அந்த ஆண்டின் புதுமைகளைத் தொகுத்து வெளியிட்டது. கணினித் துறையைப் பற்றி எழுதிய அறிவியல் புனைகதையாளர் புரூஸ் ஸ்டெர்லிங், ஆப்பிளின் மடிக்கணினியையும் விண்டோஸ் எக்ஸ்பியையும் ஒதுக்கிவிட்டு, பெங்களூரில் பிறந்த ஒரு கையடக்கக் கணினிக்கு முதலிடம் கொடுத்தார். அதுதான் சிம்ப்யூட்டர். இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்கள் நால்வரும் என்கோர் நிறுவனத்தாரும் சேர்ந்து வடிவமைத்தது. 206 மெகாஹெர்ட்ஸ் செயலி, லினக்ஸ் இயங்குதளம், உள்ளங்கை அகலத் திரை. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் இந்தியிலோ கன்னடத்திலோ தமிழிலோ வாசித்துக் காட்டும். ஆளுக்கொரு ஸ்மார்ட் கார்டு இருந்தால் போதும், ஒரே கருவியை ஊரே பயன்படுத்திக்கொள்ளலாம். விலையை 9,000 ரூபாய் அளவில் நிறுத்துவது அவர்கள் நோக்கம்.

ஸ்டெர்லிங் எழுதியதில் பொய் ஏதும் இல்லை. ஆனால் அன்றைக்கு அது கடையில் கிடைக்கும் பொருளும் இல்லை. பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தயாரிப்பாக, ‘அமிதா’ என்ற பெயரோடு அது சந்தைக்கு வந்தது 2004இல். குறைந்த விலை மாடலே பத்தாயிரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. வண்ணத் திரை வேண்டுமென்றால் இன்னும் நிறையச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். விற்றது சில ஆயிரம்தான். இத்தனைக்கும் அமிதா மட்டமான கருவி அல்ல. கையைச் சாய்த்தால் அதை உணரும் சென்சார் அதில் இருந்தது. ஐபோன் வர இன்னும் மூன்று ஆண்டுகள் இருந்தன. 2001இல் வந்த பாராட்டு ஓர் எண்ணத்துக்குக் கிடைத்த பாராட்டு. அதைக் கருவிக்கே கிடைத்த மதிப்பெண்ணாக நாம் படித்துக்கொண்டோம்.

கையடக்கக் கணினி என்றால் இங்கே பாம் பைலட்டிலிருந்து டேப்லெட், இன்றைய கைப்பேசி வரை எல்லாவற்றையும் சேர்த்தே சொல்கிறேன். இவற்றுக்கு இதழ்கள் எழுதும் மதிப்பீடுகள் எந்த அளவுக்குச் சரி? நெடுநாள் வாசகன் என்ற முறையில் என் கருத்து இது: அவற்றில் வரும் எண்கள் பெரும்பாலும் சரி. தவறு எங்கே நடக்கிறதென்றால், எதை அளக்க வேண்டும் என்று முடிவுசெய்யும் இடத்தில்.

முதலில் அவர்களுக்குச் சேர வேண்டிய நியாயத்தைக் கொடுத்துவிடுவோம். 1987இல் தொடங்கிய ‘பிசி குவெஸ்ட்’, ‘சிப்’ என்று பிறந்து பிறகு ‘டிஜிட்’ ஆன இதழ் போன்றவை இல்லையென்றால், சிறிய ஊர்களில் கணினி வாங்கியவர்களுக்குக் கடைக்காரர் சொன்னதே வேதவாக்கு. (இதழோடு வரும் குறுந்தகட்டுக்காகவே வாங்கியவர்களும் உண்டு, அதையும் மறைக்க வேண்டாம்.) பத்துக் கருவிகளை ஒரே மேசையில் வைத்து, ஒரே படத்தை ஓடவிட்டு, எது முதலில் அணைகிறது என்று பார்ப்பது வீட்டில் யாராலும் செய்ய முடியாத வேலை. நிறுவனம் எட்டு மணி நேரம் என்று அச்சிட்ட பேட்டரி ஐந்தரை மணியில் அணைந்தது என்று எழுத ஒருவர் வேண்டும். அந்த வேலையை இதழ்கள் செய்தன.

மோசடியையும் பிடித்திருக்கிறார்கள். 2013இல் சாம்சங் கேலக்ஸி எஸ்4 வேகச் சோதனை மென்பொருள் ஓடுகிறது என்று தெரிந்தால் மட்டும் தன்னை முடுக்கிக்கொள்வதை ‘ஆனந்த்டெக்’ அம்பலப்படுத்தியது. சோதனைக்கு ஒரு முகம், வீட்டுக்கு ஒரு முகம். செயலியின் ஒவ்வோர் அசைவையும் அளந்து பார்க்கும் பிடிவாதம் இல்லாதவர்களுக்கு இது சிக்கியிருக்காது. அந்தப் பிடிவாதத்துக்கு இன்று சந்தை இல்லை. ‘ஆனந்த்டெக்’ 2024 ஆகஸ்டோடு எழுதுவதை நிறுத்திக்கொண்டது.

இனிக் குறைகளுக்கு வருவோம். இதற்கு ஆகாஷ் டேப்லெட்டைவிடப் பொருத்தமான உதாரணம் நம் நாட்டில் இல்லை. 2011 அக்டோபர் 5 அன்று தில்லியில் மத்திய அமைச்சர் கபில் சிபல் மாணவர்களுக்கான அந்த மலிவுக் கருவியை வெளியிட்டார். தயாரிப்பு டேட்டாவிண்ட். அரசு கொடுத்த விலை ஒன்றுக்கு 2,276 ரூபாய். 366 மெகாஹெர்ட்ஸ் செயலி, 256 எம்பி நினைவகம், ஏழு அங்குலத் திரை, 2,100 எம்ஏஹெச் பேட்டரி, ஆண்ட்ராய்டு 2.2. அதே ஆண்டு இந்தியக் கடைகளில் ஐபேட் 2இன் தொடக்க விலை 29,500 ரூபாய்.

எழுதியவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். ஐபேடைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துச் சிரித்தவர்கள் ஒரு பக்கம்: திரையை அழுத்தித் தேய்க்க வேண்டியிருக்கிறது, சூடாகிறது, சார்ஜ் நிற்கவில்லை. இந்த விலைக்கு இதுவே அதிசயம் என்று உருகியவர்கள் மறுபக்கம். முதல் கட்சி சொன்னது அத்தனையும் உண்மை. அதை நம்பி வாங்காமல் விட்டவர்கள் பணத்தைக் காப்பாற்றிக்கொண்டார்கள். ஆனாலும் எந்தக் கட்சியும் அந்தக் கருவி யாருக்காகச் செய்யப்பட்டதோ அந்த மாணவரின் கேள்வியைக் கேட்டதாக எனக்கு நினைவில்லை. அதே 2011 ஆகஸ்டில்தான் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு சமச்சீர்க் கல்விப் புத்தகங்கள் பள்ளிகளுக்குப் போய்ச் சேர்ந்தன; இணையத்தில் பிடிஎஃப் கோப்புகளாகவும் கிடைத்தன. பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தை ஆகாஷில் திறந்தால் பக்கம் புரள எத்தனை நொடி? ஒரு சார்ஜில் எத்தனை பாடம் படிக்கலாம்? இந்த இரண்டு எண்கள் கிடைத்திருந்தால் ஐபேட் ஒப்பீடே தேவைப்பட்டிருக்காது.

அதைவிடப் பெரிய ஓட்டை மொழி. ஆண்ட்ராய்டு 2.2இல் தமிழ் எழுத்துரு கிடையாது. பிடிஎஃப் என்றால் எழுத்துரு கோப்புக்குள்ளேயே இருக்கும், தப்பித்தோம். தமிழ் வலைப்பக்கம் என்றால் வரிசை வரிசையாகக் கட்டங்கள்தான். ஓபரா மினி உலாவியில் ஓர் அமைப்பை மாற்றி, எழுத்துகளைப் படமாக வரவழைத்துப் படிக்கும் உபாயம் அப்போது ஒருவர் சொல்லி ஒருவர் தெரிந்துகொண்டது. ஆண்ட்ராய்டு 4.0 வந்த பிறகே நிலைமை மாறத் தொடங்கியது. தமிழ்நாட்டில் விற்கும் ஒரு கருவி தமிழைக் காட்டுமா காட்டாதா என்பது முதல் பத்தியில் வர வேண்டிய செய்தி. ஆங்கில இதழ்களின் மதிப்பெண் அட்டவணையில் அதற்கு ஒரு வரி கூட இல்லை. அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் மனத்தில் இருந்த வாசகர் வேறொருவர்.

ஆகாஷ் கதையில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. திட்டத்தைக் கவனித்த ராஜஸ்தான் ஐஐடி, கருவி விழுந்தாலும் மழையில் நனைந்தாலும் தாங்க வேண்டும் என்று ராணுவத் தரத்துக்கு ஒப்பான சோதனைகளைக் கேட்டது. மாணவர் கையில் இருக்கும் மலிவுக் கருவிக்கு இதெல்லாம் எதற்கு என்று நிறுவனம் முரண்டுபிடித்தது. அன்று பலரும் ஐஐடியைக் கேலி செய்தார்கள். நான் ஐஐடி பக்கம். அளவு கொஞ்சம் மிகையாக இருந்திருக்கலாம். ஆனால் பள்ளிப் பையோடு பேருந்தில் தொங்கிக்கொண்டு போகும் பொருளுக்குக் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். இதழ்களின் சோதனை மேசையிலிருந்து எந்தக் கருவியும் கீழே விழுவதில்லை.

அந்த மேசையைப் பற்றியே கொஞ்சம் பேசலாம். அது குளிரூட்டிய அறையில் இருக்கிறது. ஐபோனை இயக்கத் தகுந்த சுற்றுப்புற வெப்பநிலை 0 முதல் 35 டிகிரி வரை என்று ஆப்பிளே சொல்கிறது. செஞ்சியில் சித்திரை வைகாசிப் பகலில் அந்த எல்லை தாண்டிவிடும். அதாவது, வருடத்தில் சில மாதங்கள் நாம் கருவியைத் தயாரித்தவரின் வரம்புக்கு வெளியே வைத்துத்தான் புழங்குகிறோம். சூடேறினால் சார்ஜ் ஏறுவது நிற்கும், திரை மங்கும், வேகம் குறையும். அறைக்குள் 25 டிகிரியில் எடுத்த பேட்டரி எண்ணை வைத்துக்கொண்டு செஞ்சியின் ராஜகிரிக் கோட்டை அடிவாரத்தில் நிற்பவர் என்ன செய்வார்? வெளிச்சமும் அப்படியே. அலுவலக அறையில் 300 முதல் 500 லக்ஸ் இருக்கும். உச்சி வெயிலில் அது ஒரு லட்சத்தை நெருங்கும். பாம், ஐபேக் காலத்து ஒரு வகைத் திரைகள் வெயில் பட்டால் அதையே பிரதிபலித்துத் தெளிவாகத் தெரியும். பின்னால் வந்த பளபளப்பான திரைகள் அறையில் ஜொலித்தன, வெளியில் கண்ணாடியாகிப் போயின. இதழ்கள் ஜொலிப்புக்கு மதிப்பெண் போட்டன.

ஆகாஷின் அழுத்துதிரையைத் திட்டியதிலும் இதே கோணல் இருக்கிறது. அந்தக் குறிப்பிட்ட திரை மோசமானது, சரி. ஆனால் அழுத்துதிரை என்ற வகையையே பழசு என்று தள்ளியவர்கள், ஈரக் கையாலும் குச்சியாலும் நகத்தாலும் இயங்குவது அதுதான் என்பதைச் சொல்லவில்லை. களையெடுத்துக் காய்த்துப்போன விரலைச் சில தொடுதிரைகள் விரலென்றே ஏற்பதில்லை. இது வல்லம் பக்கத்தில் எந்தக் கைப்பேசிக் கடைக்காரரைக் கேட்டாலும் சொல்வார். (வல்லம் என்றதும் தஞ்சாவூர் வல்லம் என்று எண்ண வேண்டாம், செஞ்சிக்கு அடுத்த வல்லம் ஒன்றியம்.)

காலம் வேறு ஒரு சிக்கல். ஆப்பிளின் நியூட்டன் 1993 ஆகஸ்டில் வந்தபோது அதன் கையெழுத்துப் புரிதல் படுமோசம் என்று எழுதினார்கள். ‘டூன்ஸ்பரி’ சித்திரத் தொடர் அதை ஊர் சிரிக்க வைத்தது. எழுதப்பட்ட அன்று அது நூற்றுக்கு நூறு உண்மை. 1997இல் வந்த மெசேஜ்பேட் 2000 கையெழுத்தை நன்றாகவே படித்தது. யார் காதில் விழுந்தது? 1998 பிப்ரவரியில் நியூட்டனையே மூடிவிட்டார்கள். பாம் பைலட்டுக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறு. 1996இல் வந்த முதல் பைலட்டில் வண்ணமில்லை, நினைவகம் வெறும் 128 கேபி. வசதிகளை வரிசையாக எழுதி டிக் அடிக்கும் அட்டவணையில் அது தோற்க வேண்டிய கருவி. இரண்டு சிறிய பேட்டரியில் வாரக்கணக்கில் ஓடியது, சட்டைப் பையில் அடங்கியது, பொத்தானை அமுக்கியதும் விழித்தது. மக்கள் வாங்கித் தள்ளினார்கள். ஒரு வாரம் கையில் வைத்துப் பார்த்து எழுதுபவருக்கு வசதிகள் தெரியும். வசதி தெரிய ஆறு மாதம் ஆகும்.

பணத்தைப் பற்றி நீட்டி முழக்கத் தேவையில்லை, எல்லோருக்கும் தெரிந்ததுதான். சோதனைக் கருவி நிறுவனத்திடமிருந்து வருகிறது, பின்னட்டை விளம்பரமும் அங்கிருந்தே வருகிறது. பணம் வாங்கிக்கொண்டு எழுதுகிறார்கள் என்ற பொத்தாம்பொதுவான குற்றச்சாட்டை நான் ஏற்கவில்லை. நடப்பது அதைவிட மென்மையானது: ஆறுக்குக் கீழே மதிப்பெண் போகாது. பத்துக்கு ஏழு என்றால் சுமார், எட்டு என்றால் நன்று என்று வாசகரே மனத்துக்குள் கழித்துக்கொள்ளப் பழகிவிட்டார். அமெரிக்காவின் ‘கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்’ 1936 முதல் விளம்பரமே வாங்காமல், கடையில் காசு கொடுத்து வாங்கிய பொருளைத்தான் சோதிக்கிறது. 2010 ஜூலையில் ஐபோன் 4 அவர்கள் பட்டியலில் முதல் மதிப்பெண் பெற்றது. ஆனாலும் ஓரத்தைப் பிடித்தால் சிக்னல் விழுகிறது, எனவே பரிந்துரைக்க மாட்டோம் என்று எழுதினார்கள். மதிப்பெண் வேறு, தீர்ப்பு வேறு என்று சொல்லும் துணிவு, சொந்தக் காசில் வாங்கியவருக்கு எளிதில் வருகிறது. இந்தியாவில் 2023 ஜனவரியில் நுகர்வோர் நலத் துறை வெளியிட்ட வழிகாட்டுதல்கள், இலவசமாகப் பெற்றதைச் சொல்லாமல் பரிந்துரைக்கக் கூடாது என்கின்றன. அவை குறிவைத்தது சமூக ஊடகப் பிரபலங்களை. அச்சு இதழ்கள் தாமாகவே அதைப் பின்பற்றினால் ஒன்றும் குறைந்துவிடாது.

தமிழ் இதழ்களும் நாளிதழ் இணைப்புகளும் இதில் எங்கே நிற்கின்றன? கணினி கற்றுக்கொடுப்பதில் அவை செய்த தொண்டு பெரிது. எக்செல் சூத்திரத்தையும் வைரஸ் ஒழிப்பையும் எளிய தமிழில் கொண்டுவந்து வீட்டு வாசலில் போட்டார்கள். கருவி மதிப்பீடு என்று வரும்போது மட்டும் கை தளர்ந்துவிட்டது. ‘இத்தனை மெகாபிக்சல் கேமரா, இத்தனை ஜிபி ரேம், அதிகபட்ச விலை இவ்வளவு’ என்று நிறுவனத்தின் அறிக்கையைத் தமிழாக்கி, ‘புதுவரவு’ என்று தலைப்பிட்டால் அது செய்தி. அதற்கு மதிப்பீடு என்ற பெயர் பொருந்தாது. சோதனைக் கூடத்துக்குப் பணம் இல்லை என்பது நியாயமான சாக்குதான். ஆனால் வெயிலில் நின்று திரையைப் பார்க்கப் பணம் எதற்கு? தமிழில் ஒரு குறுஞ்செய்தி தட்டச்சு செய்து பார்க்க, பழுதானால் செஞ்சிக்காரர் திண்டிவனம் போக வேண்டுமா புதுச்சேரி போக வேண்டுமா என்று விசாரிக்க, எந்தக் கூடம் வேண்டும்? ஆங்கில இதழ்களால் எழுத முடியாத மதிப்பீட்டை எழுதும் வாய்ப்பு இவர்களுக்குத்தான் இருந்தது. அதைத்தான் விட்டார்கள்.

இதுவரை சொன்னவற்றைவிட என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. செஞ்சி வட்டாரத்தில் ஒரு சாதாரணக் குடும்பம் மாதம் தவறாமல் சந்திக்கும் கையடக்கக் கணினி எது? ரேஷன் கடையில் இருக்கும் மெஷின். 2017இல் ஸ்மார்ட் கார்டோடு வந்தது. 2020 அக்டோபரில் ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ திட்டத்தோடு கைரேகையும் சேர்ந்தது. வயல் வேலை செய்து ரேகை தேய்ந்த பாட்டி விரலைத் துடைத்துத் துடைத்து வைக்கிறார். மெஷின் ஏற்க மறுக்கிறது. சர்வர் கிடைக்கவில்லை என்கிறது. பின்னால் இருபது பேர் வரிசையில் நிற்கிறார்கள். எத்தனை முயற்சிக்கு ஒரு முறை ரேகை தோற்கிறது, ஒரு பில் போட எத்தனை நிமிடம், மின்சாரம் போனால் பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்று எந்த இதழாவது அளந்து எழுதியதுண்டா? நான் பார்த்ததில்லை.

நூறு நாள் வேலைத் தளத்தில் வருகைப் பதிவு 2023 ஜனவரி 1 முதல் கைப்பேசிச் செயலி வழியாகக் கட்டாயமானது. பணித்தளப் பொறுப்பாளர் ஏரிக்கரை வெயிலில் நின்று நாளுக்கு இரண்டு முறை படம் எடுத்து ஏற்ற வேண்டும். ஏறவில்லையென்றால் அடிபடுவது வேலை செய்தவரின் கூலி. அங்கே திரை தெரிகிறதா, சிக்னல் இல்லாத இடத்தில் படம் நிற்கிறதா என்பது ஒரு நாள் சம்பளத்தின் கேள்வி. 2011இல் சமூகப் பொருளாதார, சாதிவாரிக் கணக்கெடுப்புக்காக நாடு முழுவதும் லட்சக்கணக்கான கையடக்கக் கருவிகள் களத்தில் இறங்கின. அவற்றைத் தயாரித்ததும் அமிதாவைத் தயாரித்த அதே பாரத் எலெக்ட்ரானிக்ஸ்தான். கடையில் சில ஆயிரம் விற்ற அமிதாவைப் பற்றி உலகமே எழுதியது. லட்சக்கணக்கில் கை மாறிய இந்தக் கருவியைப் பற்றி மதிப்பீடு என்று சொல்லத்தக்க எதையும் நான் படித்ததில்லை.

காரணம் வெளிப்படை. இந்தக் கருவிகளை வாங்குவது அரசு, பயன்படுத்துவது ஊழியர், அவதிப்படுவது மக்கள். மூவரில் யாரும் இதழ் படித்துவிட்டுக் கடைக்குப் போவதில்லை. எனவே விளம்பரமும் இல்லை, மதிப்பீடும் இல்லை. டெண்டர் ஆவணம் ஒன்றே அவற்றுக்கு எழுதப்படும் விமர்சனம். அதில் ரேம், பேட்டரி, தூசி தாங்கும் திறன், எவ்வளவு உயரத்திலிருந்து விழலாம் என்று எல்லாம் இருக்கும். இதழ்கள் கேட்க மறந்த சில கேள்விகள் அங்கே இருக்கின்றன என்று கூடச் சொல்லலாம். தகுதி பெற்றவர்களில் குறைந்த விலை கேட்டவருக்கு ஆர்டர் போகும். ஆறு மாதம் கழித்து அது எப்படி ஓடுகிறது என்று திரும்பிப் பார்க்கும் பக்கம் மட்டும் அந்த ஆவணத்தில் இல்லை. அரசுப் பேருந்தில் டிக்கெட் மெஷின் பழுதானதும் கண்டக்டர் பழைய டிக்கெட் கட்டைக் கையில் எடுப்பதை நாம் பார்த்திருக்கிறோம். அந்த மெஷின்களுக்கு அதைவிடக் கறாரான விமர்சனத்தை யாரும் எழுதியதில்லை.

எனவே தமிழ் இதழாசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த புதுவரவுக்கு ஒதுக்கும் பக்கத்தில் பாதியை வெட்டுங்கள். கருவி யார் கொடுத்தது என்று முதல் வரியில் போடுங்கள். மே மாதத்தில் ஒரு நாள் செஞ்சிச் சந்தைக்கோ வல்லம் ஒன்றியத்தின் ஏதாவது ஒரு ரேஷன் கடைக்கோ ஒரு நிருபரை அனுப்புங்கள். விற்பனையாளரிடமும் வரிசையில் நிற்பவர்களிடமும் கேட்டு, கைக்கடிகாரத்தை வைத்து அளந்து, அந்த மெஷினுக்குப் பத்துக்கு எத்தனை என்று அச்சிடுங்கள். ஆறு மாதம் கழித்து அதே கடைக்கு அதே நிருபரை மறுபடியும் அனுப்புங்கள்.